அப்பா ஓட்டுக் கேட்காத தெரு

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு எங்கள் வாசல் மிதித்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில், இதே தெருவில். தகப்பனார் சீக்கிரமே தவறிவிட, அண்ணனான எங்கள் பெரியப்பாதான் காட்டு வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தார். கப்பற்படையில் மாலுமியாகச் சேர்ந்த அப்பா அதிகாரியாக ஓய்வு பெற்றார். கொச்சியிலிருந்து போடிமெட்டு இறங்கி, வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். நாங்கள் அவரோடு பழகி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும்.

ஊரோடு வந்து சேர்ந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். கீழத்தெரு, மேலத்தெரு, மலையடிவாரக் குடிசைகள் என்று வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார். எங்கள் தெருவுக்குள் மட்டும் கேட்டு வரவில்லை.

"நம்ம ஆளுககிட்டப் போயி என்னத்தக் கேக்குறது? கேட்டா அசலாருன்னு ஆயிரும்ல" என்றார்.

கப்பலில் அது சரியாக இருக்கலாம். இங்கே தாய்மாமனே ஆனாலும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் கல்யாணத்துக்கு வருவார்.

"ஊரெல்லாம் கும்பிட்டவனுக்கு எங்க வாசல் மட்டும் தெரியலையாக்கும்" என்றார் எதிர்வீட்டில் இருந்த, அப்பாவைப் படிக்க வைத்த அதே பெரியப்பா. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

மற்ற தெருக்களின் ஓட்டில் அப்பா ஜெயித்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் விடியுமுன்னே ஜீப்புக்கு நிற்கும் இடத்தில் கூரையும் தண்ணீர்க் குழாயும் வந்தது அவர் காலத்தில்தான். எங்கள் தெருவில் ஒருவரும் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. அம்மா தவறியபோதுகூட பெரியப்பா வந்து நின்றார், பேசாமல் போனார். அதன்பிறகு அப்பா தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். மதுரைக்கு என்னோடு வரச் சொன்னால், "எதுத்தாப்புல அண்ணன் இருக்காருல்ல, எனக்கென்னத்தா கொற" என்பார்.

போடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "பெரியப்பாவக் கூப்பிடவாப்பா?" என்று கேட்டேன்.

"வேணாம்த்தா. நம்ம ஆளு. அவரா வருவாரு."

கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், எங்கெங்கிருந்தோ வந்த கப்பற்படை நண்பர்களுக்கும், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்து நின்ற தோட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா இறந்த கேதம் சொல்ல எதிர்வீட்டுக்கு நானேதான் போனேன். பெரியப்பா சலவை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில சேத்த அன்னையிலருந்து இப்பிடித்தான் கெளம்பி உக்காந்திருக்கேன் ஆத்தா. வான்னு ஒரு வார்த்த சொல்லி விடுவான்னு பாத்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். அவர் பின்னாலேயே தெருவும் வந்தது.

நம்ம ஆட்களுக்கு நன்றி எதற்கு என்றுதான் அப்பா சொல்லியிருப்பார். பெரியப்பாவுக்கும் எங்கள் தெருவுக்கும் நான் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். வந்தீர்கள், நன்றி. இனியும் வாருங்கள்.