குண்டனி நாட்டு மருத்துவமனைக்கு இடம் கேட்ட கூட்டமும் எழுபது வளைவும்

கொல்லிமலை என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் அருவி கிடையாது. நான் போனது ஒரு மருத்துவமனைக் கூட்டத்துக்கு. ஆனாலும் சின்னக் குழந்தையோடு மலையேறப் போகிறவர்களுக்கு வழி விவரம் உதவும் என்று எழுதுகிறேன்.

ஆசிரியரான என் கணவருக்கு மலைமேல் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். எங்கள் மகன் மகிழனுக்கு இரண்டரை வயது. காய்ச்சல் ஏறினால் அவனுக்கு வலிப்பு வரும். நாமக்கல்லில் என்றால் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் டாக்டரிடம் போய்விடலாம். மேலே என்ன செய்வது? "நீயே முடிவு பண்ணு" என்று கணவர் சொல்லிவிட்டார். அது பெருந்தன்மையா, தப்பித்துக்கொள்வதா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு மருத்துவ வளாகத் திட்டம் பற்றித் தெரியவந்தது. பிரசவம், குழந்தைகள் பிரிவு, அவசர சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில். இரண்டு இடங்களைப் பரிசீலிக்கிறார்கள். ஒன்று மலைமேல் குண்டனி நாட்டில், இன்னொன்று அடிவாரத்தில். மேலே என்று முடிவானால் மூவருமாகக் குடிபோவது, கீழே என்றால் அவர் மட்டும் போவது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் செம்மேட்டில். கணவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் நான் கிளம்பினேன். மகனை விட்டுவிட்டுப் போக ஆளில்லை.

நாமக்கல்லில் காலை ஆறே காலுக்குப் பேருந்து. செம்மேடு ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏறிய வண்டியில் பெண்களுக்கு இலவசம் கிடையாது, கேட்டுவிட்டு ஏறுங்கள். காரவள்ளி தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பன்னிரண்டாவது வளைவில் மகிழன் வாந்தியெடுத்தான். இருபதுக்குள் நானும்.

பக்கத்தில் இருந்தவர்தான் பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெயர் பொன்னுசாமி, குண்டனி நாட்டுக்காரர், மிளகு விவசாயம். மனைவி நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். வயிற்றில் கட்டி வெடித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது தேவலையாம்.

"அவளைக் கீழ எறக்கறதுக்குள்ள ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வருசமாப் போச்சுங்க அம்முணி," என்றார்.

அவரும் அதே கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வளாகத்துக்குக் கேட்கிற நிலம் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி வெள்ளையனுடையது. கொடுப்பது என்று குடும்பத்தில் பேசி முடித்தாயிற்று. ஆனால் தன் நிலத்தைக் கொடுக்கிறேன் என்று சபையில் தன் வாயால் சொல்வது அவர்கள் பக்கம் வழக்கமில்லையாம். கூடப்பிறந்தவள் சொல்ல வேண்டும், அல்லது அவளைக் கட்டியவர் சொல்ல வேண்டும். "நான் போனாத்தானுங்க அங்க பேச்சே," என்றார். கொஞ்சம் ஜம்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. இருசக்கர வண்டிகளும் ஒடுங்கிய ஜீப்புகளும் மட்டும் ஓரமாக நுழைந்து போயின. ஒரு மணி நேரம் ஆயிற்று. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கடைசியில் பலாப்பழம் ஏற்றிய ஜீப் ஒன்றைப் பொன்னுசாமியே நிறுத்தினார். முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். அவர் ஏறிக்கொள்வார் என்று நினைத்தேன். என்னைத்தான் ஏற்றிவிட்டார்.

"கொழந்த வெயில்ல வாடுது பாருங்க. நீங்க போயி, பொன்னுசாமி வந்துட்டிருக்கான்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

செம்மேட்டில் கூட்டம் நடந்த கூடத்தில் நான் நுழைந்தபோது ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பொன்னுசாமி வந்துகொண்டிருக்கிறார் என்று பின்வரிசையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடிவாரத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், கீழே கட்டினால் சமவெளி ஊர்களுக்கும் ஆகும், தளவாடமும் டாக்டரும் சுலபமாக வந்து சேரும் என்று நன்றாகவே பேசினார். மறுத்துச் சொல்ல எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பரிசீலனைக் குழுவின் அதிகாரி, முன்வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, நிலம் தரச் சம்மதமா என்று கேட்டார். அவர்தான் வெள்ளையன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டாம் தடவை கேட்டார். அப்போதும் பதிலில்லை.

எங்க ஆள் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்க என்று பின்னால் இருந்து சொன்னார்கள். அதிகாரி ஏற்கெனவே ஒரு மணி நேரம் பொறுத்திருந்தாராம். மதியம் அடிவாரத்தில் அடுத்த கூட்டம். கோபக்காரராகத் தெரியவில்லை, என்னைப் போலவே களைத்துப் போன முகம். உரிமையாளர் வாய் திறக்காவிட்டால் சம்மதமில்லை என்றுதான் எழுத முடியும், அப்படி எழுதினால் இந்த இடம் பட்டியலிலிருந்து போய்விடும் என்றார்.

மகிழன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அதை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறேன். எழுந்து நின்றேன். பொன்னுசாமி நாற்பத்தாறாவது வளைவில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நிலம் கொடுக்கிறோம் என்று என்னிடம் சொன்னார் என்றேன்.

"நீங்க யாரும்மா? இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் அதிகாரி.

ஒன்றுமில்லை, பேருந்தில் பக்கத்து இருக்கை என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்படியானால் இதைப் பதிவு செய்ய முடியாது என்று அவர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் வெள்ளையன் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, மகிழனைப் பார்த்தார்.

"அது என்ற தங்கச்சிதானுங்க," என்றார். "அது சொன்னாச் செரி."

கூடத்தில் யாரும் அதை மறுக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், "எப்பப் பொறந்துச்சாம் இந்தத் தங்கச்சி?" என்றாள். "இப்பத்தான்" என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அதிகாரி வெள்ளையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடும்பத்தின் சார்பில் தங்கை சம்மதம் தெரிவித்தார் என்று எழுதி வாசித்தார். வெள்ளையன் கைநாட்டு வைத்தார். நான் உட்கார்ந்தேன்.

இடம் எது என்று அன்று முடிவாகவில்லை. இரண்டு இடங்களையும் அளந்து, மண் பார்த்து, மேலிடத்துக்கு அனுப்புவார்களாம். கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று அதிகாரியிடம் தனியாகக் கேட்டேன். "உங்க பையன் பள்ளிக்கூடம் போற வயசாயிடும்மா," என்றார். வீட்டில் போட்ட கணக்கு அங்கேயே உதிர்ந்துவிட்டது. மேலே என்று முடிவானாலும் இந்த ஜூனுக்கு ஆகாது. இதைக் கேட்கவா இவனைத் தூக்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்தேன் என்று இருந்தது.

பொன்னுசாமி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்ற வேலையப் புடுங்கிக்கிட்டீங்களாமா அம்முணி?"

மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் இருக்கட்டும் என்று கையை ஆட்டிவிட்டு, ஊரில் இன்னொரு வழக்கத்தைச் சொன்னார். யார் சபையில் வாக்குக் கொடுத்தார்களோ அவர்கள்தான் நிலம் அளக்கிற அன்று எல்லையில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் கொடுத்த வாக்கு செல்லாது. அவரோ வெள்ளையனின் அக்காவோ நின்றால் ஆகாதா என்று கேட்டேன்.

"நாங்க பேசலீங்களே," என்றார்.

வெள்ளையன் வீட்டில் சோறு போட்டார்கள். அவர் மகள் மகிழனைக் கொண்டுபோய்க் கோழி காட்டினாள். பிள்ளைக்கு ராத்திரியில் ஜன்னி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவளிடம் கேட்டேன். ஜீப் வைத்திருப்பவர்கள் ஊரில் இரண்டு பேர், எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எடுப்பார்கள், கீழே போய்ச் சேர இரண்டு மணி நேரம் என்றாள். ஆறுதலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். மூன்று மணிப் பேருந்தில் ஏறி ஆறு மணிக்கு நாமக்கல்.

குழந்தையோடு போகிறவர்கள் காலையில் இட்லி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்க இருக்கையாகப் பிடியுங்கள். மாற்றுத் துணி இரண்டு செட், ஒன்று உங்களுக்கு. காய்ச்சல் மருந்து கைப்பையில் இருக்கட்டும், மேலே தூக்கிப் போடும் பையில் வேண்டாம். வளைவுகளில் சிக்னலை நம்பாதீர்கள். ஒரு வேலையாகப் போகிறீர்கள் என்றால் ஒரு பேருந்து முன்னதாகக் கிளம்புங்கள்.

ஜூனில் எங்கே இருப்பது என்று கணவர் நேற்றும் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன், அது உண்மை. இதை எழுதிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வெள்ளையனின் மகள். அன்று கிளம்பும்போது என் எண்ணை வாங்கி வைத்திருந்தாள். வருகிற வியாழக்கிழமை அளக்க வருகிறார்களாம். பயலையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம், முந்தின நாளே வந்து தங்கிவிட வேண்டுமாம், லாரியை நம்ப முடியாதாம்.

"வாரீங்கல்ல அத்தே?" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.