பூசணிக்காய்க்குப் போட்ட முகம்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் என் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டே வந்தார். நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் என்றதும் கேட்டாரே ஒரு கேள்வி: "அதுக்குக்கூடவா சார் படிக்கணும்?"

அப்பளத்தை நொறுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

படித்தேன் ஐயா! எழுபதுகளின் தொடக்கத்தில், ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் படித்தேன். கையில் ஒரு டிராயிங் போர்டு. அது உள்ளே நுழைந்தால் நான் நுழைய முடியாது. நான் நுழைந்தால் அது நுழையாது. கூட்டத்தில் அதன் மூலை யார் விலாவையாவது பதம் பார்க்கும். தினமும் காலையில் திட்டு வாங்கிக்கொண்டுதான் கல்லூரிக்குள் போவேன்.

அங்கே எங்கள் பேராசிரியருக்கு ஒரே கொள்கை. பார்க்காமல் எதையும் வரையக் கூடாது. உருளைக்கிழங்கு வரைய வேண்டுமா? எதிரே உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும். கற்பனையில் வரைந்தால் தாளைக் கிழித்துவிடுவார். எனக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது… வினையும் அங்கேதான் ஆரம்பம்.

கடைசிப் பரீட்சை படம் வரைவது அல்ல, பாடம் நடத்துவது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முதல் தடவை கோட்டை விட்டேன். ஒரு பையன்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் கோலி ஆட்டம் நடந்தது. தேர்வாளர் என் பாடத்தைவிட அந்த ஆட்டத்தைத்தான் ரசித்துப் பார்த்தார்.

என் அப்பாவுக்கு ஸ்டேஷன் ஓரமாக டீக்கடை. ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "இன்னொரு வாட்டி பெயிலாயிட்டு வந்தேன்னு வெச்சுக்கோ, நேரா பாய்லராண்ட வந்து நின்னுடு. படத்த டீத்தூள் டப்பா மேல வரைஞ்சுக்கோ."

"சரி நைனா" என்றேன். அவர் சொன்னால் சொன்னதுதான். நிஜமாகவே பயந்துபோனேன்.

இரண்டாவது வாய்ப்பு கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பரீட்சைக்கு முன்னால் சில வாரம் அங்கேயே வகுப்பெடுத்துப் பழக வேண்டும். ஹெட்மாஸ்டர் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஓவியம் படிக்கிறவன் கையில் கிடைத்தால் ஊர் சும்மா விடுமா? அதற்குள் நான் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்திருந்தேன், சைக்கிள் மட்கார்டில் பெயர் எழுதியிருந்தேன். ஹெட்மாஸ்டர் மட்டும் விட்டுவைப்பாரா?

"தம்பி, ஊட்டுக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டணும். ஒரு மூஞ்சி போட்டுக் குடேன். மேஸ்திரி போட்டா அது சிரிக்கிது."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அரக்கன் முகத்தை எதைப் பார்த்து வரைவது? கும்மிடிப்பூண்டியில் அரக்கனுக்கு நான் எங்கே போவேன்?

கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்தேன். கண்ணை உருட்டினேன். பல்லைக் கடித்தேன். நாக்கைத் தொங்கவிட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன். கொம்பும் கோரைப்பல்லும் மட்டும் கைச்சரக்கு. மற்றபடி கோணல் மூக்கு, ஒட்டிய கன்னம், அரும்பு மீசை… அரக்கனுக்கு உயிர் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மகிழ்ந்துபோய் வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் அந்த வீடு.

தேர்வாளர் வந்த அன்று, பசங்கள் பார்த்து வரைவதற்காக ஒரு பித்தளைச் சொம்பை மேஜைமேல் வைத்தேன். அவர் முகம் சுளித்தார். "போற இடமெல்லாம் சொம்புதானாய்யா? வேற ஏதாவது வைங்களேன்."

ஹெட்மாஸ்டருக்கு உதவி செய்ய ஆசை. "நம்ம ஊட்ல இன்னொரு பூசணிக்காய் கீது சார்!" என்று ஆளனுப்பி வரவழைத்துவிட்டார்.

முகம் எதுவும் போடாத அந்தப் பூசணிக்காய் மேஜைக்கு வந்ததும் வகுப்பு கப்சிப். எனக்கே நம்ப முடியவில்லை. கோலி இல்லை, கிள்ளல் இல்லை. அத்தனை பேரும் பூசணிக்காயைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், குனிந்து வரைகிறார்கள். மறுபடி என்னைப் பார்க்கிறார்கள். ஆகா, நாம் வாத்தியாராகிவிட்டோம்! நிழல் எங்கே விழுகிறது, வளைவு எங்கே திரும்புகிறது என்று வெளுத்து வாங்கினேன்.

தேர்வாளர் தாள்களைச் சேகரித்தார். முதல் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "பசங்களா, இது யார் மூஞ்சி?"

முன்வரிசைப் பையன் எழுந்தான். "சாருதான் சார். ஹெட்மாஸ்டர் ஊட்டாண்ட தொங்கிக்கினு கீறாரு சார்."

எட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் பூசணிக்காய். எல்லாப் பூசணிக்காயிலும் நான்! கோரைப்பல்லோடு, கொம்போடு, அதே கோணல் மூக்கோடு. பாய்லர் கொதிக்கிற சத்தம் காதில் கேட்டது.

பின்னால் நின்ற ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, நானும் தெனம் நெனச்சுக்கினே கீறேன்… எங்கியோ பாத்த மூஞ்சியா கீதேன்னு!"

தேர்வாளர் சிரிக்கவில்லை. தாள்களை மேஜையில் தட்டி அடுக்கினார். "எத்தனையோ மாதிரி வகுப்பு பார்த்திருக்கேன். வாத்தியார் மூக்கு எந்தப் பக்கம் கோணல்னு வகுப்பு முழுக்கத் தெரிஞ்சுவெச்சிருந்தது இங்கேதான். பாஸ். அடுத்த தடவை பொருளை மேஜைமேல மட்டும் வைங்க, வாசல்ல தொங்கவிடாதீங்க."

கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அன்று கடையில் எல்லோருக்கும் டீ ஊற்றினார். எதை வரைந்து பாஸ் செய்தேன் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலையும் கிடைத்தது. சேர்வதற்கு முன்பே ஒரு காலை, பசங்களில் நாலைந்து பேர் ரயிலேறி எங்கள் டீக்கடைக்கே வந்து நின்றார்கள். முகமெல்லாம் கவலை.

"சார்… பூசணிக்கா அழுகி கீழ உழுந்துடுச்சு சார். உங்களுக்கு ஒடம்பு இன்னா ஆச்சோன்னு பேஜாரா கீது சார்…"

எனக்கு ஒன்றுமில்லை என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். எனக்காக ரயிலேறி வந்திருக்கிறார்களே! நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவிடம் பசங்களுக்கு டீ போடச் சொன்னேன்.

டீயைக் குடித்து முடித்ததும் ஒருவன் கோணிப்பைக்குள்ளிருந்து புதுப் பூசணிக்காயை எடுத்து மேஜையில் வைத்தான். "ஹெட்மாஸ்டர் குடுத்தாரு சார். இந்த வாட்டி இன்னும் கொஞ்சம் கோவமா இருக்கணுமாம்."