கோப்பிக்குக் கை தட்டிய பாஷா

போன ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுக் கரீம் கதவைத் தட்டினார். எகிப்துக்காரர். டிவியில் பழைய அரபுப் படம் ஓடுகிறதாம், தனியாகச் சிரிக்கப் பிடிக்கவில்லையாம். நோர்வேயில், இந்த வெஸ்ட்லி அடுக்குமாடியில் பத்தாவது மாடிக்கு என்னைத் தேடி யார் வருகிறார்கள்? உடனே போய்விட்டேன்.

கறுப்பு வெள்ளை காமெடி. புரட்சியில் நிலமெல்லாம் பறிபோன ஒரு பாஷா, அதாவது பெரிய நிலப்பிரபு, ஒற்றை அறைக்குக் குடிவருகிறார். காலையில் கோட் மாட்டிக்கொண்டு கை தட்டுகிறார் — கோப்பி! யாரும் வரவில்லை. தானே எழுந்து போட்டு எடுத்துவந்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தன்னையே திட்டுகிறார். வேலை கேட்டுப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் பழைய தோட்டக்காரனின் மகன்!

கரீம் விழுந்து விழுந்து சிரித்தார். அரைகுறை நோர்வேஜிய மொழியில் எனக்கு விளக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் தெரியுமா? மட்டக்களப்பில் நான் போடியார் வீட்டுப் பிள்ளை. வயல்களுக்குச் சொந்தக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வயலில் வேலை செய்தவரின் மகன் மனோகரன், இன்று நான் துணி துவைக்கும் லாண்டரியில் என் மேலதிகாரி. என் ஷிப்டை எழுதுபவனே அவன்தான். ஆனாலும் என்னை இன்னும் "போடியார்" என்றே கூப்பிடுகிறான். நானும்... தடுக்கவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது, அதுதான் உண்மை.

பொங்கலுக்குப் பொங்கல் ஹவுகன்ஸ்டுவாவில் உள்ள தன் வீட்டுக்கு அழைப்பான். நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். அவன் வீட்டுப் பந்தியில் நான் உட்காருவதா? பிறகு தனியே பாண் துண்டைக் கடித்தபடி, இந்த ஊரில் எனக்கென்று ஒருத்தரும் இல்லையே என்று நொந்துகொள்வேன். அழுததும் உண்டு.

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன்.

"மனோகரன், வீட்ட வா. தேத்தண்ணி குடிப்பம்."

 அந்தப் பக்கம் பதறிய குரல்.

"என்ன போடியார்... ஏதும் வருத்தமா?"

இங்கு வந்த ஒன்பது வருடத்தில் முதல்முறை கூப்பிட்டால் நோய் என்றுதானே நினைப்பான்!

அரை மணியில் மூச்சு வாங்க வந்து நின்றான். கையில் பிளாஸ்க் நிறைய, மனைவி வைத்த ரசம்.

"எனக்கு ஒண்டுமில்ல. வா, இரு" என்றேன்.

"நீங்க இருங்க போடியார்" என்று தயங்கினான். தோளைப் பிடித்து அழுத்தி, கதிரையில் உட்காரவைத்தேன். நான் ஜன்னலோரம் நின்றபடியே தேநீர் குடித்தேன். வேறு வழி?

ஒருத்தரும் வருவதில்லை என்று ஒன்பது வருடம் புலம்பியவன், இரண்டாவதாக ஒரு கதிரை வாங்கியதே இல்லை!