கை தட்டினா எரியற விளக்கு

பேச்சு நின்னுபோய் படுக்கையில கிடந்த மாமனாருக்காக, கை தட்டினா எரியற விளக்கு கிட் ஒண்ணு மெட்ராஸ்ல வாங்கியாந்து, நானே சாலிடர் வெச்சு அவரு ரூம்ல மாட்டினேன். தண்ணி வேணும்னாலும் கை தட்டித்தான் கூப்பிடுவாரு. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு.

அந்த விளக்கு ரொம்ப உஷாரு. பல்லி கத்தினாக்கூட எரிஞ்சிடும்.

இன்னிக்கு ஷிப்ட் முடிச்சு மண்ணூர் வூட்டுக்கு வந்து சோத்துல கைய வெக்கிறேன், அவரு ரூம்ல கை தட்டற சத்தம்.

"தோ வந்துட்டேம்பா"ன்னு என் பொண்டாட்டி சொம்போட ஓடினா. வாசப்படியிலயே நின்னுட்டா.

"இன்னாங்க, விளக்கு எரியலியே?"

நான் போய் ஒரு தட்டு தட்டினேன். பளிச்சுனு எரிஞ்சுது.

கிட்டுல கோளாறு இல்ல. சத்தம் ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. இப்போ நான் எதைப் பிரிச்சுப் பாக்கறது, நீங்களே சொல்லுங்க.