சுருக்கிய வட்டம்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘வட்டம்’. மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. நகராட்சியில் கணக்கு அதிகாரி. கத்தரிக்காயைக்கூடப் பேரம் பேசாமல் வாங்க மாட்டார். இந்த மனுஷனிடம் போய்ப் பேரிடர் பத்திரம் போடுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். எங்கோ இருக்கிற பணக்காரர்கள் பத்திரம் வாங்கிப் பணம் போடுவார்கள். புயல் வராவிட்டால் போட்ட பணம் கொழுத்த வட்டியோடு அவர்களுக்கே திரும்பும். வரைபடத்தில் ஊரைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் புயலின் மையம் நுழைந்தால் அந்தப் பணம் ஊருக்கு. வட்டம் பெரிதானால் ஊர் கட்டும் வட்டியும் ஏறும். வட்டியைக் குறைக்க இவர் பேரம் பேசி வட்டத்தைச் சுருக்கினார். ஊரே பாராட்டியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

புயல் வந்தது. வீட்டில் தண்ணீர் ஏறியதால் நானும் அவர் ஆபீஸ் மாடியில்தான் இருந்தேன். திரையில் புயலின் மையம் வட்டத்தின் ஓரத்தை உரசியபடி நகர்ந்தது. நகராட்சித் தலைவரும் இவரும் திரையை விட்டு அசையவில்லை. பாதி ஊர் ஏற்கெனவே பாழ். மையம் வெளியே போனால் சல்லிக்காசு வராது. “உள்ள வா, கொஞ்சம் உள்ள வா” என்று இவர் முணுமுணுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யாரைங்க உள்ள கூப்பிடுறீங்க? உங்க பொண்ணு அங்கதான் இருக்கா.”

எங்கள் மகள் கடற்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பணம் வராவிட்டால் அந்த ஆஸ்பத்திரியை எதை வைத்துக் கட்டுவது என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்போது அவளே போன் செய்தாள். மேல்மாடிக் கூரை பறந்துவிட்டதாம். நோயாளிகளைக் கீழே இறக்கிவிட்டார்களாம். காற்று இன்னும் பலமாக அடித்தால் சுவர் தாங்காதாம். அதோடு லைன் அறுந்தது.

இவர் போனை மேசையில் வைத்தார். பிறகு தலைவர் பார்க்கப் பார்க்கத் திரையை நோக்கிக் கைகூப்பினார்.

“போயிடு. வெளியவே போயிடு.”

போய்விட்டது. மகள் உயிரோடு வந்து சேர்ந்தாள். பணம் வரவில்லை. முதலில் பேசிய பெரிய வட்டம் இருந்திருந்தால், புயல் அப்படியே போயிருந்தாலும் பணம் வந்திருக்கும். ஆஸ்பத்திரி இன்றுவரை பள்ளிக்கூட வகுப்பறைகளில் நடக்கிறது. பிரசவ வலியோடு வருகிறவர்கள் பெஞ்சில் படுக்கிறார்கள். இவர் கைகூப்பியதைத் தலைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதற்காக நான் இவரைக் கோபிக்கவில்லை. அந்தப் பேரத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைத்தெருவில் யாராவது ‘வட்டம்’ என்றால் நின்று திரும்பிப் பார்க்கிறார். கத்தரிக்காய்க்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறார்.