குறையாத எண்ணெய்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. லிஃப்ட்டில் ஏறினால் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவேன். ஓட்டலுக்குப் போனால் தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றாத மேஜையாகப் பார்த்து உட்காருவேன். என் மனைவி இதற்கு நேரெதிர். செகந்தராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரி நாட்களிலேயே அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள். நான் வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து ஹைதராபாத் வந்தவன். எந்தப் பொருத்தத்தைப் பார்த்து எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்று இரண்டு வீட்டாருமே இன்றுவரை சொன்னதில்லை.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. கீசரா பக்கம் பாறைக் குன்றுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஓட்டும் ஒரு கூட்டம் இருக்கிறது. தார் ரோடு கிடையாது. மண்ணும் சரளையும் மொட்டைப் பாறையும்தான். நாலைந்து மாதம் அடுத்தவர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தவள், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தனக்கென்று ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வாங்கப்போவதாகச் சொன்னாள். எடை குறைவு, மேட்டில் சட்டென்று இழுக்கும் என்றாள். எனக்குச் சாதம் உள்ளே இறங்கவில்லை.

கேட்டால் சிரிப்பீர்கள், வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவள் என்னிடம் கொடுத்தாள். எனக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் புடிச்சுப்போயிடும், உங்களுக்கு எதைப் பார்த்தாலும் புடிக்காது, அதனால நீங்களே பாருங்க என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என் பயத்தை ஒரு தகுதியாக யாரும் அதுவரை மதித்ததில்லை.

இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று நம் நாட்டு வண்டி. அது மாரெட்பள்ளியில் ஒரு மெக்கானிக்கிடம் இருந்தது. அவரும் தமிழர், ரயில்வே பட்டறைக் குடும்பம், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்தான் வைத்தியர். ரோட்டில் ஓடிய பழைய வண்டியை வாங்கி, சைலன்ஸரை மேலே தூக்கிக் கட்டி, மண்ணைக் கவ்வும் பட்டன் டயர் போட்டு, மலைக்கு ஏற்றதாக மாற்றியிருந்தார். பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் எந்தப் பாகம் உடைந்தாலும் அடுத்த தெருவில் கிடைக்கும்.

அந்த வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் கூடவே எண்ணெயையும் கையால் அளந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு இவ்வளவு மில்லி என்று. மறந்து வெறும் பெட்ரோல் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மெக்கானிக் மறைக்கவில்லை. பிஸ்டன் சூடேறி, வீங்கி, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இன்ஜின் ஜாம் ஆனால் பின்சக்கரமும் அந்த நொடியே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் சக்கரம் நின்றால் ஆள் எங்கே போவார் என்பதைத் தன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். எலும்பு கூடிய இடம் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. டூ-ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் எப்போதும் கிளட்ச் மேல் இரண்டு விரல் வைத்திருப்பதும் அதனால்தானாம். பிடித்துக்கொண்டது தெரிந்ததும் கிளட்சை இழுத்துவிட்டால் சக்கரம் விடுபடும்.

அன்றே அந்த வண்டி என் கணக்கில் செத்துப்போயிற்று. என் மனைவி மறதிக்காரி. ஃபோனைத் தேடிக்கொண்டே அதே ஃபோனில் பேசுகிறவள். அவள் ஒவ்வொரு முறையும் எண்ணெய் அளந்து ஊற்றுவாள் என்பதை நம்பி நான் எப்படித் தூங்குவது?

இன்னொன்று ஜப்பான் வண்டி. பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருந்தது, எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். செய்யும்போதே மலைக்கென்று செய்த வண்டி, நெட்டையாக, மெல்லிசாக நின்றது. பாகங்கள் கிடைக்காது, வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். அதெல்லாம் எனக்குப் பொருட்டாகவே படவில்லை. சீட்டுக்குக் கீழே எண்ணெய்க்கென்று தனியாக ஒரு தொட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு சின்ன பம்ப் வேண்டிய எண்ணெயைத் தானே இன்ஜினுக்குக் கொடுக்குமாம். தொட்டியின் பக்கத்தில் விரல் நக அளவுக்குக் கண்ணாடி வைத்திருந்தார்கள், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். கோவிலில் நிற்பதுபோல் அதன் முன்னால் நின்றேன். மனிதர்களின் ஞாபகத்தை நம்பாத ஒரு வண்டியை யாரோ செய்திருக்கிறார்கள்.

என் மனைவி தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தாள். அப்போதுதான் பெரியவர் அதைச் சொன்னார்.

"பெட்ரோல் மே பீ தோடா ஆயில் டாலோ, பாய். மை ஐசாஹீ சலாயா."

பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள், நான் அப்படித்தான் ஓட்டினேன் என்கிறார். தொட்டிதான் தனியாக இருக்கிறதே, எதற்கு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கி, அது ஒரு பழக்கம் என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குள் அவள் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

பெரியவர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. சொன்னால், இதிலும் எண்ணெய் கலக்கணும்னா அந்த மாரெட்பள்ளி வண்டியையே எடுத்துக்கலாமே, பார்ட்ஸாவது கிடைக்கும் என்பாள். நியாயமும் அதுதான். ஆனால் அந்த வண்டியை நினைத்தாலே எனக்கு மெக்கானிக்கின் தோள்பட்டைதான் ஞாபகம் வந்தது. வயதானவர்கள் கைமருந்தும் போட்டுக்கொள்வார்கள், டாக்டரிடமும் போவார்கள், அதுபோல இதுவும் ஒன்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டி ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வாங்கினால் ஒருதடவை என்கிட்ட கொண்டாங்க, திறந்து பாத்துடலாம் என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். திறந்தால் ஏதாவது இருக்குமோ என்ற பயம். டாக்டரிடம் போகாமலே நோயை வளர்க்கும் ஆட்களை நான் கேலி செய்திருக்கிறேன், அப்புறம் நானும் அதையேதான் செய்தேன்.

ஆனால் தினமும் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். ஆபீஸ் கிளம்பும் முன் வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியில் எண்ணெய் மட்டம் எங்கே இருக்கிறது என்று கவனிப்பேன். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு கூடப் போட்டு வைத்தேன். மூன்று வாரம் அவள் காலனியிலும் நாச்சாரம் பக்கமும் ஓட்டிப் பழகினாள். எண்ணெய் கோட்டை விட்டு ஒரு மயிரிழை இறங்கவில்லை. நல்ல சாதி வண்டி, எண்ணெயே குடிக்காமல் ஓடுகிறது என்று அவளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். நீங்க பாத்தாச்சுன்னா சரி என்பாள். அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

முதல் மலை ஞாயிறு வந்தது. முந்தைய நாள் சாயங்காலம் பங்க்கில் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டோம். பெட்ரோல் மட்டும்தான். காலையில் அவள் வண்டியில் போக, நான் காரில் பின்னால் போனேன். குன்றின் அடிவாரத்தில் ஏழு பேர் வரிசையாக நின்று ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. அவள் கடைசிக்கு முந்தி. கை ஆட்டினாள். வண்டிச் சத்தம் பாறைகளுக்குள் போய்ச் சன்னமாகிக்கொண்டே வந்தது.

கீழே நானும் மெக்கானிக்கும்தான். உடைந்த வண்டிகளை ஏற்றிப்போக அவர் தன் குட்டி யானை வேனைக் கொண்டுவந்திருந்தார். அதன் பின்னால் இன்னும் விற்காத அந்த மாரெட்பள்ளி வண்டியும் இருந்தது. டீ வாங்கினோம். பேச்சு எதுவும் ஓடாததால், எங்கள் வண்டியைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தேன். மூன்று வாரமாக எண்ணெய் மட்டம் குறையவே இல்லை என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஒரு சொட்டுகூட இறங்கலையா சார்?"

"இல்ல."

"பெட்ரோல்ல ஆயில் கலந்து போட்டீங்களா?"

அதற்குத்தான் தனித் தொட்டி இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார். பழைய ஜப்பான் வண்டிகளில் பம்ப் பலவீனமாகிவிடும், மாற்றப் பம்ப் கிடைக்காது, அதனால் நிறைய பேர் பம்ப்பை அடைத்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுவார்கள் என்றார். தொட்டி சும்மா அழகுக்கு இருக்கும், எண்ணெயும் அப்படியே நிற்கும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் அந்த நாட்டு வண்டியை இறக்கிக் கிளப்பிவிட்டார். நான் அவளுக்கு ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டேன். அதே பெண்குரல், அதே பொறுமை.

அவர் வண்டிச் சத்தமும் மேலே போய்ச் சன்னமானது. நான் தனியாக நின்றேன். எனக்கு எத்தனையோ பயங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே வராத ஒன்றை நினைத்து வந்தவை. இது அப்படியில்லை. நடந்துகொண்டே இருக்கிற ஒன்று, நான் செய்த ஒன்று. பெரியவர் ஊற்றியிருந்த கலவையில் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. நேற்று வெறும் பெட்ரோலை ஊற்றி அதை நீர்த்துப்போகச் செய்திருக்கிறேன். காரின் முன்பக்கம் சாய்ந்தேன். மேலே பல வண்டிகளின் சத்தம் குழம்பிக் கேட்டது. அதில் ஒரு மெல்லிய கூர்மையான சத்தம் அவளுடையது என்று எனக்குப் பட்டது. அது இருக்கும் வரை அவள் இருக்கிறாள் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அது நின்றது. மெல்ல அடங்கவில்லை, வெட்டினாற்போல் நின்றது.

நான் பாதையில் ஓடினேன். பத்து நிமிடம் இருக்கலாம், அரை மணியும் இருக்கலாம். இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். மூன்றாவது திருப்பத்தில் அவர்கள் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் மெக்கானிக், பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், நடுவில் அவள். நடந்துதான் வந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வந்திருந்தது, ஹெல்மெட்டின் ஒரு பக்கம் பாறையில் தேய்ந்து வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோர் முன்னாலும் அழுதேன்.

திருப்பத்தில் இன்ஜின் இறுகியது, சக்கரம் நின்றது, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது, கை தானாகக் கிளட்சைப் பிடித்தது என்று அவள் வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். வண்டி நின்ற இடத்திலிருந்து சரிவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

கீழே வந்து முழங்கையைக் கழுவும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அந்த பேகம்பேட் கிழவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். பம்ப்பை அடைத்துவிட்டு வாய் திறக்காமல் விற்றிருக்கிறார், நாளைக்கே போய் மூஞ்சிக்கு நேரா கேட்கப்போகிறேன் என்றாள். மெக்கானிக்கும் தலையை ஆட்டினார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். இப்போது நான் உண்மையைச் சொன்னது நேர்மையால் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில்தான் சொன்னேன்.

பெட்ரோலிலும் கலக்கச் சொன்னார், நான்தான் உன்னிடம் சொல்லவில்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவள் தண்ணீர் பாட்டிலை மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"உங்க பயத்தை நம்பித்தான் நான் ஏறினேன்," என்றாள். அவ்வளவுதான்.

வண்டியை விற்கவில்லை. புதுப் பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆனது. இப்போது எண்ணெயை அவளே அளந்து கலக்கிறாள், ஒருமுறைகூட மறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறாள், வருகிறாள். என்னோடு சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், எல்லாம் பழையபடிதான். படுக்கப் போகும்போது கேஸை மூடிவிட்டேன், கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொல்வேன். சரி என்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள்.