முதலில் மாத்திரை, பிறகு சேதி

சிவகிரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர்தான் சேதி கொண்டுவந்தார். எங்கள் கடையில் வழக்கமாக நூல் வாங்குகிறவர். விலை கேட்டார், கூடுதல் என்று முகம் சுளித்தார், அப்புறம் போகிற போக்கில், "ஒம்ம டாக்டரம்மா நேத்து பாளையங்கோட்டைல தவறிட்டாங்களாம்வே, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்க்கத் தங்கை வீட்டுக்குப் போனவர். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

டாக்டர் செல்லத்தாயைத் தெரியாதவர்கள் சங்கரன்கோவிலில் குறைவு. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுதிருப்பீர்கள். மீதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கி அழுதிருப்பீர்கள். எனக்கு இரண்டும் உண்டு. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே மனுஷி அவர்.

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்த சமயம், காரணமில்லாமல் இளைக்கத் தொடங்கினேன். எழுந்து நின்றால் கண் இருட்டும். உள்ளங்கை ரேகைகூடக் கறுத்துப்போயிற்று. கல்லுப்பைக் கடலை மாதிரி வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்த ஊர் இளையரசனேந்தலில் யாரோ இது செய்வினை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா முடிகிறவரை பிள்ளைக்கு உப்பில்லாச் சோறு போடுகிறேன் என்று அம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அழுதுகொண்டே பிசைந்து போட்ட சோற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபசுக் கூட்டத்தின் நடுவில் சுருண்டு விழுந்தேன்.

டாக்டரம்மா குளுக்கோஸும் உப்புத்தண்ணீரும் ஏற்றிக்கொண்டே என் ஈறையும் உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு அம்மாவிடம் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். நான் உப்பு தின்ற கதையையும் அம்மா சொன்னாள், விரதத்தையும் சொன்னாள். டாக்டரம்மா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது என்பார்கள். எனக்கு நினைவு தெளிந்தபோது அம்மா வேறொரு பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். நேர்ச்சை பாதியில் முறிந்துவிட்டதே என்ற பயம். அப்போது டாக்டரம்மா குரலைத் தணித்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மனுக்கு உப்பு மேல என்னம்மா கோவம்? உப்பை ஏத்துனது நான்தான். குத்தம்னா எனக்கு வரட்டும்."

அதன்பின் திருநெல்வேலியில் பெரிய டாக்டர்களிடம் அனுப்பிச் சோதித்து, அவர் சந்தேகப்பட்டதே சரி என்று ஆயிற்று. அட்ரினல் சுரப்பி கெட்டுவிட்டது. அதை எனக்கு விளக்குவதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தார். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பி மாதிரி அந்தச் சுரப்பி இருக்கிறதாம். அதன் நடுவில் ஊறுவது அட்ரினலின், நாய் துரத்தினால் நம்மை ஓட வைப்பது. சுற்றியிருக்கும் பட்டையில் ஊறுகிறவை வேறு. ஒன்று உப்பை மூத்திரத்தோடு போகவிடாமல் பிடித்துவைக்கும். உப்பு போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும், இரத்த அழுத்தம் விழும். இன்னொன்று கார்ட்டிசால். காய்ச்சலோ காயமோ துக்கமோ வந்தால் கூடுதலாக ஊறி உடம்பைத் தாங்குவது அதுதான். எப்போதோ வந்த காசநோய் என் பட்டையைத் தின்றுவிட்டிருந்தது. சரி, கறுத்துப்போனது ஏன் என்று கேட்டேன். மூளைக்கு அடியில் இன்னொரு சுரப்பி இருந்துகொண்டு இதற்கு உத்தரவு அனுப்புமாம்.

"கீழேருந்து பதில் இல்லல்லா, அது மேல மேல கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு. அந்தக் கூப்பாடுதான் தம்பி ஒன் தோலக் கறுப்பாக்குது."

ஆயுசுக்கும் மாத்திரை. ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும். மாத்திரையில் தேறிவிட்டேன், நிறமும் கொஞ்சம் திரும்பியது. பெண் வீட்டார்தான் திரும்பவில்லை. கடையில் கூட வேலை பார்த்தவர்களுக்கு நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்துகொண்டு சீக்கு கொண்டாடுகிறவன். சொல்லிப் புரியவைக்க முயன்று பிறகு விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகள் போனபின் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்காருவேன். அவருக்கும் குடும்பம் கிடையாது. ஒருமுறை, "இந்த ஊர்ல ஒன் சீக்கு ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்" என்றார். இரண்டு பேருக்குத் தெரிகிறதே, அது போதும் என்று இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். கடைத்தெருவுக்கு வந்து பழக்கமில்லாதவர். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்ததும் கையிலிருந்த மாத்திரைகளை நீட்டி, முழுங்கு என்றார். ஏன் என்று கேட்டால் ஏச்சு விழும், முழுங்கினேன். அப்புறம் நூல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாற்பதாம் நம்பர் நூல் என்ன விலை, அறுபதாம் நம்பர் என்ன விலை, சாயம் எங்கிருந்து வருகிறது என்று அரைமணி நேரத்துக்கு மேல் விசாரித்தார். நானும் பெரிய வியாபாரி மாதிரி அளந்துகொண்டிருந்தேன். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மா போயிட்டாங்க தம்பி."

எந்தச் சேதியானாலும் முதலில் தனக்குத்தான் போன் பண்ண வேண்டும் என்று என் அண்ணனிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்திருக்கிறார். மற்றவர்களுக்குச் சேதி காதில் விழுந்ததும் உள்ளே கார்ட்டிசால் தானாக ஊறும், உனக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால்தான் முந்திக்கொண்டேன் என்றார். அந்தச் சேதியை வாயில் வைத்துக்கொண்டு எப்படித்தான் அத்தனை நேரம் நூல் விலை கேட்டாரோ. ஊருக்கு என்கூட வாடகைக் காரில் வந்தார். என் அம்மாவின் காலடியில் நின்று என்னைவிட அதிகமாக அவர்தான் அழுதார்.

சிவகிரிக்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் முந்திக்கொண்டு வரவில்லை. வர வேண்டியவர்தான் பாளையங்கோட்டையில் கிடக்கிறாரே. நானே தண்ணீர் மொண்டு, நானே மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சமானது இந்தப் பழக்கம்தான். இனி வரப்போகிற துக்கங்களுக்கெல்லாம் இப்படித்தான் தயாராக வேண்டும். மாத்திரை வேலை செய்யட்டும், அப்புறம் பஸ் ஏறலாம் என்று நூல் மூட்டைமேல் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒன்றும் விசாரிக்க ஆள் இல்லை.